நாற்பது போதும் என்றாள்

கிள்ளானில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். சுகுமாரன் ஒரு ஹாக்கி மட்டையின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, நடுவில் முழங்காலைக் கொடுத்து, பல்லைக் கடித்து அழுத்திக்கொண்டிருந்தார். ராவாங் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடிந்ததும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் நேரே காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கல்லாவில் இருந்த சீனப் பெண்மணி பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டாள். மட்டை இம்மிகூட வளையவில்லை, முழங்கால்தான் வலித்தது. சுகுமாரனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மட்டை வளையக்கூடாது என்பது அவர் இருபது வயதில் அடிபட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டத்து அணிக்கு ஆடிய காலத்தில் திடல் என்று பெயர்தான், பாதிக்குமேல் செம்மண்ணும் சரளையும். வளைந்து கொடுக்கிற மட்டையெல்லாம் இரண்டாவது மாதமே பிளந்துகொள்ளும். மூன்று மட்டைகளை உடைத்துவிட்டு வேலை மேற்பார்க்கும் மண்டோரிடம் திட்டு வாங்கியவர் அவர். அதனால் முழங்காலில் வைத்து அழுத்திப் பார்க்காமல் மட்டை வாங்குகிறவனை அவர் மனிதனாகவே மதிக்கமாட்டார். இப்போது மட்டைகள் மரத்தில் வருவதில்லை, கார்பனாம். ஒவ்வொன்றின் தண்டிலும் ஓர் எண் போட்டிருந்தது. இருபது, நாற்பது, எழுபது, தொண்ணூற்றைந்து. எண் ஏற ஏற வளைவது குறையும், விலையும் ஏறும் என்று கடைக்காரம்மா மலாயில் விளக்கினாள். யாருக்கு என்று கேட்டாள். மகளுக்கு, பதினைந்து வயது, நடுவில் ஆடுகிறவள் என்றார். அவள் உடனே நாற்பதை எடுத்து நீட்டினாள். சுகுமாரன் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

மகளும் காலையில் அதையேதான் சொல்லியிருந்தாள். பள்ளிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, "அப்பா, நாப்பது பாத்து வாங்குங்க. நாப்பது போதும்" என்றாள். சுகுமாரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த விஷாலினியை அவருக்குத் தெரியாதா? சப்பாத்து பிய்ந்து பெருவிரல் எட்டிப் பார்த்தாலும், "இன்னும் நாலு மாசம் போடலாம்ப்பா" என்பவள். பள்ளிச் சுற்றுலாவுக்குக் கடிதம் கொடுத்தால் வீட்டில் காட்டாமலே கிழித்துப் போட்டவள். அவள் அம்மா மாதவியும் அப்படித்தான், துணிக்கடைக்குப் போனால் கண் ஒரு சேலைமேல் இருக்கும், கை வேறொரு சேலையை எடுக்கும். இந்த வீட்டுப் பெண்கள் வாயிலிருந்து 'போதும்' என்று வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று பதினேழு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவருக்குப் புரியாமல் போகுமா? நாற்பது மார்க் வாங்கினால் பள்ளியில் என்ன சொல்வார்கள்? தப்பித்தான் என்பார்கள். தம் மகள் சிலாங்கூர் மாநிலத்துப் பதினாறு வயதுக்குட்பட்ட அணியின் தேர்வுக்குப் போகிறாள். அவள் தப்பித்தால் போதுமா?

"இது" என்று தொண்ணூற்றைந்தைக் கல்லாவில் வைத்தார். கடைக்காரம்மா இரண்டு முறை வேண்டாமென்று தலையாட்டிப் பார்த்தாள், ஏதோ சொல்லவும் வந்தாள். அவர் பர்ஸை எடுத்துவிட்டார். யாராலும் தடுக்க முடிகிற நிலைமையில் அன்றைக்கு அவர் இல்லை.

வீட்டில் உறையைப் பிரித்தபோது விஷாலினியின் விரல் தண்டில் ஓடி அந்த எண்ணில் போய் நின்றது. ஒரு விநாடிதான். "நல்லாருக்குப்பா. செமயா இருக்கு" என்றாள். அந்த ஒரு விநாடியைச் சுகுமாரன் பார்த்தார். பெண் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"நாப்பதுதானே கேட்டே?" என்று கண்ணடித்தார்.

"ம்."

"எனக்குத் தெரியும்லா. அப்பன்கிட்டயே கணக்குப் பாக்குறியா?"

மாதவி கைப்பேசியை எடுத்துவந்து இருவரையும் நிற்கவைத்துப் படம் பிடித்தாள். படத்தில் சுகுமாரன்தான் மட்டையைப் பிடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போனார்கள். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை இடித்து, செம்பனையைத் திருப்பி நட்டுவிட்டார்கள். கோயிலை மட்டும் யாரும் தொடவில்லை. செல்லன்தான் பூசாரி. வாரநாளில் பள்ளி வேன் ஓட்டுவார், வெள்ளியும் ஞாயிறும் காவி கட்டிக்கொள்வார். புதுக் கார், புது மோட்டார் சைக்கிள் என்று எது வந்தாலும் சாமி முன்னால் கொண்டுவந்து, பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் இந்த வட்டாரத்தில் ஒருவரும் ஓட்டமாட்டார்கள். மட்டைக்கும் அதே மரியாதை நடந்தது. செல்லன் தண்டில் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, சிமெந்துத் தரையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, "அடிம்மா" என்றார். விஷாலினி ஓங்கி அடித்தாள். பழம் சிதறி, சாறு முழுக்கச் செல்லன் வேட்டியில் தெறித்தது. தரையில் உரசி மட்டையின் நுனியில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்தது வேண்டுதல். தேர்வுக்கு அழைப்புக் கடிதம் வராதா என்று வீடே காத்துக்கிடந்த வாரத்தில் சுகுமாரன் ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் இங்கே வண்டியை நிறுத்தி நேர்ந்துகொண்டிருந்தார். கடிதம் மட்டும் வரட்டும், பெண் இத்தனை நாள் ஆடிய மட்டையை உனக்கே வைத்துவிடுகிறேன் என்று. மூன்றாம் நாளே கடிதம் வந்துவிட்டது. பழைய மட்டை மூன்று வருடத்துக்கு முன்னால் மூத்த மாணவி ஒருத்தியிடம் பாதி விலைக்கு வாங்கியது. பிடியில் ஐந்தாறு முறை டேப் சுற்றிச் சுற்றிக் குண்டாகியிருந்தது, எண்ணெல்லாம் தேய்ந்துபோய்விட்டது. விஷாலினி அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"இதையேதான் குடுக்கணுமாப்பா? வேற ஏதாச்சும் குடுத்துக்கலாமே?"

"நேந்துகிட்டதும்மா. மாத்த முடியாது. அதான் புதுசு வந்துருச்சில்ல?"

அவள் கொடுத்துவிட்டாள். செல்லன் அதை மஞ்சள்தண்ணீரில் கழுவி, கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, சாமி முன்னால் நட்டிருந்த அரிவாள்களுக்கும் சூலத்துக்கும் நடுவே மண்ணில் ஊன்றினார். விஷாலினி கும்பிட்டாள். சுகுமாரனும் மனம் குளிரக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கோழிக்குழம்பு ஊற்றி மூன்றுமுறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

தேர்வு அடுத்த சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகளை அழைத்துவரப் பள்ளிக்குப் போனவர், சீக்கிரமே வந்துவிட்டோமே என்று திடலோரம் நின்று பார்த்தார். நித்தியா என்ற பெண் தூரத்திலிருந்து பந்தைத் தள்ளினாள். விஷாலினி குனிந்து மட்டையை வைத்தாள். பந்து டொக்கென்று மோதி மூன்றடி தள்ளி ஓடியது. சரி, கை தவறியிருக்கும். அடுத்ததும் ஓடியது. அதற்கடுத்ததும். பந்து வந்தால் பசை தடவியதுபோல மட்டையிலே நிறுத்திவிடுவாள் என்று ஊரெல்லாம் சொல்கிற பெண், பந்தின் பின்னால் ஓடி ஓடிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுகுமாரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்ணுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்தார்.

பயிற்சி கொடுக்கும் விமலா டீச்சர் அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அவளே ஒருகாலத்தில் மாநிலத்துக்கு ஆடியவள்.

"விஷாலினி அப்பா, அந்த ஸ்டிக் நீங்கதான் வாங்குனீங்களா?"

"ஆமா டீச்சர். தொண்ணூத்தஞ்சு. அதுக்கு மேல கடையிலயே இல்ல."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நாப்பதுன்னு நான்தான் அவகிட்டச் சொல்லி அனுப்புனேன். மறந்துட்டாளா?"

சுகுமாரன் திடலில் பந்தின் பின்னால் ஓடும் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இது ரொம்ப விறைப்பான ஸ்டிக். நேஷனல்ல ஆடுற பெரியாளுங்க, நல்லாக் கை பலம் உள்ளவங்க, வேகமா அடிக்க வெச்சிருப்பாங்க. இது வளையாது. வளையலன்னா பந்தைத் தாங்காது, தெறிச்சி ஓடிரும். அதிர்வு எல்லாம் கையிலதான் எறங்கும். இவ ஆட்டமே பந்தை வாங்கிப் பிரிச்சிக் குடுக்குறதுதானே?" அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளுக்கே என்னவோபோல் ஆகியிருக்கவேண்டும். "பரவால்ல. பழைய ஸ்டிக் இருக்குல்ல? அதைவெச்சே ஆடட்டும். அது அவளுக்கு நல்லா செட் ஆன ஸ்டிக்."

"இருக்கு டீச்சர்" என்றார் சுகுமாரன். எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

அப்படியானால் அவள் நாற்பது என்றது நாற்பதைத்தான். அவ்வளவுதான் விஷயம். பெண் வேண்டியதைக் கேட்டிருக்கிறாள், தகப்பன் தன் பெருந்தன்மையைக் காட்டியிருக்கிறான். காரில் திரும்பும்போது, "ஏம்மா சொல்லல?" என்று கேட்டார். விஷாலினி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "பழகிடும்ப்பா" என்றாள். மறுநாள் வேலையிடத்தில் ஃபோர்க்லிப்டை ஓரங்கட்டிவிட்டுக் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரம்மாவுக்கு அவரை நன்றாக ஞாபகம் இருந்தது. மாற்றித் தருகிறேன், நீ பந்து அடிக்கவில்லைதானே என்று கேட்டாள். பந்தென்ன பந்து, தரையில் தேய்ந்த கீறலும், எத்தனை துடைத்தும் பிடியின் மடிப்பில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும் சந்தனமும் அவர் கண்முன்னே வந்தன. இவ்வளவு நல்லபடியாகக் கேட்கிறவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. எலுமிச்சம்பழம் என்று சொன்னால் அவளுக்குப் புரியவா போகிறது? "அடித்தாயிற்று" என்றார். அப்படியென்றால் முடியாது என்று வருத்தமாகவே சொன்னாள். இன்னொன்று வாங்க அந்த மாதத்தில் வழியே இல்லை. இரவல் வாங்கலாமென்றால் நித்தியாவின் மட்டை குட்டை, அவளும் அதே தேர்வுக்குப் போகிறாள். பள்ளி மட்டைகளெல்லாம் கணுக்கணுவாக ஒட்டுப்போட்டவை.

புதனும் வியாழனும் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்தில் அப்பனும் மகளும் பயிற்சி செய்தார்கள். சுகுமாரன் பிளந்துபோன ஒரு பழைய மரமட்டையால் பந்தைத் தள்ளுவார், அவள் நிறுத்தவேண்டும். டொக். ஓடியது. டொக். ஓடியது. பக்கத்து வீட்டு நாய்கூட முதலில் பந்தைத் துரத்திக்கொண்டு வந்து, பிறகு சலித்துப்போய்ப் படுத்துவிட்டது. சுகுமாரன் கொஞ்சம் மெதுவாகத் தள்ளினார். அப்புறம் இன்னும் மெதுவாக. கடைசியில் பச்சைக்குழந்தைக்கு உருட்டிவிடுகிறமாதிரி உருட்டினார். பந்து போய் மட்டையில் நின்றது. "ஆங், நின்னுச்சி பாத்தியா!" என்று கத்தினார். விஷாலினியும் சிரித்தாள். சனிக்கிழமை யாரும் இப்படி உருட்டப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். நன்றாக இருட்டும்வரைக்கும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்படி ஜன்னலிலிருந்து மாதவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒரு பேச்சு செல்லன் அண்ணன்கிட்டக் கேட்டா என்ன?" என்றாள் சாப்பாட்டின்போது, மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து.

"சாமிக்குக் குடுத்ததையா?"

"கேக்கத்தானே சொல்றேன். ஒரு நாளைக்கு எரவலா. ஆடி முடிச்சிட்டுத் திருப்பி வெச்சிரலாம்."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குச் சுகுமாரன் கோயிலுக்குப் போனார். செல்லன் காவி கட்டிக்கொண்டு விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சுகுமாரனுக்கு வேர்த்துக்கொட்டிவிட்டது. செல்லன் துடைத்த விளக்கைக் கீழே வைத்தார்.

"ஏன்டா தம்பி, இது என்ன பேங்கா, போட்டுட்டு எடுக்குறதுக்கு?"

"தப்புத்தாண்ணே. எனக்கு வேற வழி தெரியல."

"நா யாரு சொல்றதுக்கு? பூக் கட்டிப் பாப்போம். அவன் சொல்லட்டும்."

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனி வெற்றிலையில் மடித்து, நூல் சுற்றி, குலுக்கிச் சாமி காலடியில் போட்டார் செல்லன். வெள்ளை வந்தால் எடுத்துக்கொள்ளலாம். சுகுமாரன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தபோது செம்பருத்தி. வாடி, ஈரமாக, வெற்றிலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு வாட்டி..." என்று இழுத்தார் சுகுமாரன்.

"போதும்டா. அவன சோதிக்காத." செல்லன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். போகிறவர் நின்றார், திரும்பிப் பார்க்காமலே பேசினார். "நா கீழ போயி அல்லூருல தண்ணி போவாம அடைச்சிருக்கான்னு பாத்துட்டு வரேன். பத்து நிமிசம் ஆவும். வேன்ல எனக்கு நெதம் வணக்கம் சொல்ற புள்ள அது." பிறகு செம்பனைகளுக்கு நடுவே மறைந்துபோனார்.

சுகுமாரனுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் சாமிப்பக்கம் திரும்பினார். மட்டை நான்கடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. சிவப்புத் துணி காற்றில் லேசாக ஆடியது. போய்க் கையை வைத்தார். டேப் சுற்றிய பிடியில் மகளின் நான்கு விரல்களும் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. ஒரு இழு இழுத்தால் வந்துவிடும், மண் ஈரமாகத்தான் இருக்கிறது. இழுத்து, காரின் பின்னால் போட்டு, துணியால் மூடி, நாளை மாலைக்குள் திரும்பக் கொண்டுவந்து ஊன்றிவிடலாம். யாருக்குத் தெரியும்? அந்த 'யாருக்கு' என்ற இடத்தில்தான் மனம் சிக்கிக்கொண்டது. தலைக்குமேலே முனியாண்டி பெரிய கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எடுத்துவிட்டு, நாளைக்குத் திடலில் பந்து அவள் முகத்தில் அடித்துவிட்டால்? போகிற வழியில் எதிரே லோரி வந்தால்? சாமி இல்லை கீமி இல்லை என்று நினைக்கப் பார்த்தார். கேட்ட மூன்றாம் நாளே கடிதம் வந்ததே, அப்போது மட்டும் இருந்தாரா? பந்தைப்போலத் தமக்குத் தோதாகச் சாமியையும் உருட்ட முடியுமா? "சாமி, நீயே பாத்து ஏதாச்சும் சொல்லேன், நா மடையன்" என்று வாய்விட்டே சொன்னார். கை மட்டையைப் பிடித்தபடியே இருந்தது, இழுக்கவுமில்லை, விடவுமில்லை. செல்லனின் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அப்படியேதான் நின்றிருந்தார்.

செல்லன் வந்து மட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிவிட்டார்.

சனிக்கிழமை ஷா ஆலமில், நீலநிறச் செயற்கைப் புல் திடலில் அறுபது பெண்கள். தண்ணீர் பீய்ச்சி நனைத்திருந்ததால் பந்து வழுக்கிக்கொண்டு பறந்தது. விஷாலினிக்கு இருபத்தேழாம் எண் சட்டை. பெற்றோர்கள் கம்பிவேலிக்கு வெளியேதான் நிற்கவேண்டும். சுகுமாரன் வேலியில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றார். முதல் பந்து வந்தது, தெறித்தது, எதிர் அணி எடுத்துக்கொண்டு போனது. இரண்டாவது பந்தும் அப்படியே. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா, "இருபத்தேழு யாரு பிள்ளைலா? பந்தை நிறுத்தவே தெரியலையே" என்று இன்னொருத்தியிடம் சொன்னாள். சுகுமாரன் இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

நடுவில் ஒருமுறை, பந்து தானாகவே உருண்டு வந்து அவள் முன்னால் நின்றது. விஷாலினி கோல் வட்டத்தின் ஓரத்திலிருந்து ஓங்கி ஒன்று வைத்தாள். வெடி வெடித்ததுபோல் சத்தம், பந்து கோல் பலகையில் போய் மோதியது. திடலே திரும்பிப் பார்த்தது. நாற்காலியில் இருந்த கோச் நிமிர்ந்து எதையோ எழுதினார். சுகுமாரன் வேலியைப் பிடித்து உலுக்கினார். "அப்படித்தாம்மா! அப்படித்தான்!" அடுத்த பத்தாவது விநாடியில் நித்தியா அவளுக்கு ஒரு நல்ல பந்து கொடுத்தாள். வேகமாக, தரையோடு தரையாக. விஷாலினி குனிந்து, கைகளைத் தளர்த்தி, மட்டையைப் பின்னால் இழுத்து, புதனும் வியாழனும் பழகிய எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். பந்து அவள் மட்டையில் பட்டு எதிராளி காலடியில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் அவளுக்குப் பந்து தரவில்லை. நித்தியாகூடத் தரவில்லை, அந்தப் பிள்ளையைக் குறைசொல்ல முடியுமா, அவளுக்கும் இது தேர்வுதானே. கடைசிப் பதினைந்து நிமிடமும் விஷாலினி ஆளில்லாத இடமாகப் பார்த்து ஓடி ஓடிக் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதைப் பார்ப்பதைத் தவிரச் சுகுமாரன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

பதினெட்டு எண்களை ஒலிபெருக்கியில் படித்தார்கள். இருபத்தாறுக்குப் பிறகு இருபத்தொன்பது வந்தது. நித்தியாவுக்குக் கிடைத்துவிட்டது. விஷாலினி அவளைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வேலிப்பக்கம் வந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

"பசிக்குதுப்பா" என்றாள்.

ஜெராமுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரத்தில் ஒரு ஒட்டுக்கடையில் வண்டியை நிறுத்தினார். வாழையிலை போட்டு, சோறும் சாம்பாரும் இரண்டு கறியும் வந்தன. ஆளுக்கொரு பெரிய கிளாஸில் ஐஸ் போட்ட தேநீர், தே ஐஸ். சுகுமாரன் சோற்றில் கைவைத்த பிறகுதான் கவனித்தார், அவள் இன்னும் தொடங்கவில்லை. கைகள் மேசைக்கடியில் இருந்தன.

"ஆண்ட்டி, ஸ்பூன் இருக்குங்களா?" என்று கடைக்கார அம்மாளைக் கேட்டாள்.

இலையில் போட்ட சோற்றை ஸ்பூனால் தின்கிறவர்களைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிக்கிற பெண் அவள்.

"கையைக் காட்டு."

"ஒன்னும் இல்லப்பா."

"காட்டுலா."

அவள் காட்டவில்லை. "ஸ்டிக் நல்ல ஸ்டிக்ப்பா" என்றாள் அவசரமாக. "அந்த ஒரு அடி பாத்தீங்கல்ல? கோச்சே திரும்பிப் பாத்தாரு. பழைய ஸ்டிக்கா இருந்தா அந்த சவுண்டே வந்துருக்காது."

"பாத்தேம்மா."

"நெக்ஸ்ட் இயர்க்குள்ள எனக்குக் கையி பழகிடும். நீங்க ஃபீல் பண்ணாதீங்க."

திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரு வார்த்தை, 'நான்தான் நாப்பதுன்னு சொன்னேன்லப்பா' என்று ஒரே ஒரு வார்த்தை அவள் கேட்டிருந்தால், நேற்றுச் சாயங்காலம் அந்தப் பத்து நிமிடம் பிடியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றதை அவர் கொட்டித் தீர்த்திருப்பார். ஷா ஆலமிலிருந்து இவ்வளவு தூரமும் அதற்குத்தான் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எடுக்க முடிந்தும் எடுக்கவில்லையம்மா, உன் நல்லதுக்கென்றுதான் எடுக்கவில்லை, அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"விஷா."

"ம்?"

"ரசம் ஊத்திக்கிறியா?"

"ஊத்துங்க."

ஊற்றினார். ஸ்பூன் வந்தது. அவள் அதை எடுக்கக் கையை மேலே கொண்டுவந்தபோது உள்ளங்கை தெரிந்தது. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தோல் வெடித்து, அதைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. இரண்டு கையிலும் அப்படித்தான். ஸ்பூனை இரண்டு விரலால் பிடித்து ஒரு வாய் சாப்பிட்டாள், பிறகு இலையின் ஓரத்தில் வைத்துவிட்டாள். தே ஐஸ் கிளாஸை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். குடிக்கவில்லை. அந்தக் குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது, கண்களை மூடிக்கொண்டாள். சுகுமாரன் தம் கிளாஸையும் அவள் பக்கமாகத் தள்ளினார். கண்ணைத் திறக்காமலே அவள் இடது கையை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டாள். கிளாஸுக்கு ஒரு கையாக அப்படியே உட்கார்ந்திருந்தாள். வியர்த்த கண்ணாடியிலிருந்து தண்ணீர் அவள் விரலிடுக்கில் வழிந்து மேசையில் தேங்கியது. உள்ளே ஐஸ் கரைந்து சின்னதாகிக்கொண்டிருந்தது. சுகுமாரன் எச்சில் கையோடு கடைக்குள்ளே திரும்பி, "அம்மா, இன்னும் ரெண்டு கிளாஸ் ஐஸ் குடுங்க" என்றார்.

"என்னா தண்ணி ஊத்தட்டும்ண்ணே, தேயா, கோப்பியா?"

"ஒன்னும் ஊத்த வேணாம்மா. வெறும் ஐஸ் போதும்."